அந்த ஒயரைப் போடச் சொல்லாதீர்கள்: அடுக்குமாடிச் சங்கங்களுக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் திறந்த மடல்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும், பெயர் தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் ‘லிஃப்ட் ஆள் வந்தாச்சா?’ என்று கேட்பீர்களே, அந்த ஆள் நான். 1996-ல் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் பஸ் ஏறி வந்தவன். முதல் ஆறு வருஷம் எரெக்‌ஷன், அதாவது புது லிஃப்ட் மாட்டுகிற வேலை. அதன் பிறகு இன்றுவரை சர்வீஸ். நான் வேலை பார்த்த நிறுவனங்களின் பெயரோ, ஏறி இறங்கிய கட்டடங்களின் பெயரோ இந்த மடலில் வராது. உங்களிடம் நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் ஒரு துண்டு ஒயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒரு சாண் நீளம் இருக்கும். இரண்டு முனையிலும் தோல் சீவிய சாதாரண செம்பு ஒயர். எந்த லிஃப்ட் மெக்கானிக்கின் பையைக் கொட்டினாலும் ஒன்றாவது விழும். ‘ஷார்ட்’ என்று சொல்வோம். கோளாறு எந்தக் கதவுப் பூட்டில் இருக்கிறது என்று தேடும்போது அரை நிமிஷம் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட வேண்டிய பொருள்.

கோயில் திருவிழாவில் கட்டுவார்களே பழைய சீரியல் செட், அதில் ஒரு பல்பு போனால் சரம் மொத்தமும் அணைந்துவிடும். லிஃப்டின் பாதுகாப்புச் சுற்றும் அதே கணக்குதான். லிஃப்ட் குழியின் அடிப்பகுதியான பிட்டில் இருக்கும் ஸ்டாப் சுவிட்ச், வேகம் மிஞ்சினால் தட்டும் கவர்னர் சுவிட்ச், மேலும் கீழும் எல்லை தாண்டினால் தட்டும் லிமிட் சுவிட்ச், ஆட்கள் நிற்கும் பெட்டியின் கதவு (அந்தப் பெட்டியைத்தான் ‘கார்’ என்போம்), ஒவ்வொரு மாடிக் கதவிலும் இருக்கும் பூட்டு என எல்லாமே ஒரே சரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்திருக்கும். ஏதாவது ஒன்று திறந்தால் போதும், மோட்டாருக்குக் கரண்ட் விடும் கான்டாக்டர் சுவிட்ச் விட்டுவிடும், கரண்ட் நிற்கும், பிரேக் கவ்விக்கொள்ளும். அந்தப் பிரேக் பிடிப்பது ஸ்பிரிங்கின் பலத்தில். கரண்ட் வந்தால்தான் விடும். அதனால்தான் கரண்ட் போனால் லிஃப்ட் விழாமல் நிற்கிறது.

1854-ல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் ஒரு மேடையில் ஏறி நின்று, கூட்டத்துக்கு முன்னால் கயிற்றை அறுக்கச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றது. சுமையை மேலே தூக்கும் வித்தை அதற்கு வெகுகாலம் முன்பே உலகத்துக்குத் தெரியும். நிறுத்தத் தெரிந்த பிறகுதான் மனிதர்கள் தைரியமாக ஏறினார்கள். மூன்றே வருஷத்தில், 1857-ல், அதே ஊரில் ஒரு கடையில் ஆட்கள் ஏறும் லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. உங்கள் கட்டடத்தில் ஓடும் லிஃப்டும் அந்த வம்சம்தான். கயிறு அறுந்துவிடுமோ என்று நிறையப் பேர் என்னிடம் கேட்கிறீர்கள். கயிறு ஒன்றல்ல, மூன்று நான்கு இருக்கும். தாங்க வேண்டிய சுமைக்குப் பத்து மடங்குக்குக் குறையாமல் தாங்குகிற மாதிரிதான் போடுவோம். அத்தனையும் போனாலும் காருக்குக் கீழே இருக்கும் சேஃப்டி கியர், கார் ஓடும் ரெயிலைக் கவ்விக்கொள்ளும். பயப்பட வேண்டியது கயிற்றுக்கு அல்ல. கதவுக்கு.

அந்தச் சரத்தில் ஒரு மாடியின் கதவுப் பூட்டு கெட்டுப்போனால் லிஃப்ட் ஓடாது. லிஃப்டை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து, அந்த ஒரு சாண் ஒயரை இரண்டு டெர்மினலுக்கு நடுவே செருகினால் ஓடும். கதவு மூடியிருந்தாலும் ஓடும், திறந்திருந்தாலும் ஓடும்.

நான் செருகியிருக்கிறேன். ஒரு முறை, ஓர் இராத்திரிக்கு.

மேற்கு மாம்பலம் பக்கம் நான்கு மாடிக் கட்டடம். கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் திறக்கும் பழைய கதவு, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. மூன்றாவது மாடிப் பூட்டின் உருளை தேய்ந்து, கார் அங்கே இல்லாதபோதும் கொஞ்சம் பலமாக இழுத்தால் கதவு திறந்துகொள்ளும் நிலைக்கு வந்திருந்தது. பூட்டு மாற்ற கொட்டேஷன் கொடுத்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. இரண்டு கூட்டத்திலும் பேசி, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் பூட்டு மொத்தமாகவே கைவிட்டது. செயலாளர் ஐயா நல்ல மனிதர். நான்காவது மாடியில் ஒரு பெரியவருக்கு மறுநாள் காலை டயாலிசிஸ், படியிறங்க முடியாது, எப்படியாவது ஓட வையுங்கள் தம்பி என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது மணி ஆகிவிட்டது. கடை மூடியாச்சு. கையில் ஸ்பேர் இல்லை. மூன்றாவது மாடிக் கதவில் ‘திறக்காதீர்கள்’ என்று ஒரு அட்டையைக் கட்டிவிட்டு, ஒயரைச் செருகிவிட்டு வந்தேன். கேட்டது அவர், செருகியது என் கை.

மறுநாள் காலை ஆறு மணி இருக்கும். வீடு வீடாக இட்லி மாவு கொடுக்கும் அம்மா ஒருவர் மூன்றாவது மாடியில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்க வந்திருக்கிறார். மாடி விளக்கு எரியவில்லை. அட்டையை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவருக்குப் படிக்கத் தெரியாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். கதவை இழுத்தார், திறந்தது. கதவு திறந்தால் லிஃப்ட் நிற்கிறது என்றுதானே அர்த்தம்? வழக்கம்போல மாவுத் தூக்கை முதலில் உள்ளே தள்ளினார்.

கார் தரைத்தளத்தில் இருந்தது.

தூக்கு இரண்டு மாடிக்கு மேல் விழுந்து, காரின் மேல் மோதி, பக்கவாட்டில் சரிந்து பிட்டுக்குள் போய்விட்டது. இன்னொரு கை கதவின் கைப்பிடியை விடாமல் இருந்ததால் அந்த அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது ஏழரை. காரின் மேலேயும், கவர்னர் கயிற்றின் டென்ஷன் புல்லியிலும், பிட்டில் மோதலைத் தாங்கும் பஃபரிலும் மாவு வழிந்துகொண்டிருந்தது. பழைய துணியும் வாளித் தண்ணீருமாக மதியம் வரை பிட்டில் உட்கார்ந்து துடைத்தேன். மாவு புளிக்க ஆரம்பித்துவிட்டது. அந்த வாடை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. ‘லிஃப்ட் ஏன் தம்பி அங்க இல்ல?’ என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அன்று மத்தியானமே பூட்டு வாங்கப் பணம் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு யார் சொன்னாலும் லிஃப்டை ஷார்ட் போட்டு விட்டுவிட்டு வருவதில்லை. இதனால் இரண்டு சங்கங்கள் என்னை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதின. எழுதட்டும்.

இது குடியிருப்போர் உயிர் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் உயிரும் அதே சரத்தில்தான் கோர்த்திருக்கிறது. சர்வீஸுக்கு வரும் மெக்கானிக் ஒரு மாடிக் கதவை முக்கோணச் சாவியால் திறந்து காரின் மேல் இறங்குகிறான். கதவு திறந்திருக்கிற வரை லிஃப்ட் நகராது என்ற நம்பிக்கையில்தான் ஒரு காலை உள்ளே வைக்கிறான். முந்தின வாரம் வந்தவன் ஷார்ட் போட்டு எடுக்க மறந்திருந்தால்? கீழே ஒரு குழந்தை பட்டனை அழுத்தினால்? இந்தத் தொழிலில் சாவு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. திறந்த கதவு, ஓடுகிற கார். அல்லது திறந்த கதவு, வெறும் குழி. என்னோடு எரெக்‌ஷனில் வேலை பார்த்த ஒருவர் இப்படித்தான் போனார். அவருடைய குடும்பத்துக்காக அதை விரிவாக எழுதாமல் விடுகிறேன்.

ஏன் ஒயரைச் செருகுகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் என் ரூட்டில், அதாவது என் பொறுப்பில், எழுபது லிஃப்ட் இருந்தது. மாசத்தில் இருபத்தாறு நாள் வேலை என்றால் நாளுக்கு மூன்று லிஃப்ட் பார்த்தாக வேண்டும். ஐந்து மாடி லிஃப்டை ஒழுங்காகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மெஷின் ரூமில் பிரேக் லைனிங், கயிறு, கன்ட்ரோலர். பிறகு காரின் மேல் ஏறி மாடி மாடியாக ஒவ்வொரு பூட்டும். கடைசியில் பிட். இதற்கிடையே பெரம்பூரில் ஒரு பிரேக்டவுன், வேளச்சேரியில் ஆள் மாட்டிக்கொண்டதாக ஒரு போன். ஆள் மாட்டினால் மற்ற எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அப்புறம் மிச்சமிருக்கும் நேரத்தில் சர்வீஸ் என்பது கால் மணி நேரம் துடைத்துவிட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவதாகச் சுருங்கிப்போகிறது. நீங்களும் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

ஏன் எழுபது? பராமரிப்பு ஒப்பந்தத்தை எடுக்கும்போது நீங்கள் முதலில் பார்ப்பது தொகை. நான்கு கொட்டேஷன் வாங்கி, குறைவானவருக்குக் கொடுக்கிறீர்கள். குறைந்த தொகையில் ஒருவர் எடுக்கிறார் என்றால் எங்கே குறைக்கிறார்? கிரீஸ் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆளைக் குறைக்கிறார், ஆளின் நேரத்தைக் குறைக்கிறார். அடுத்த முறை கொட்டேஷன் வாங்கும்போது இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: எங்கள் கட்டடத்துக்கு வரும் மெக்கானிக்கிடம் மொத்தம் எத்தனை லிஃப்ட் இருக்கிறது? ஒருவர் தனியாக வருவாரா, இரண்டு பேராக வருவார்களா? இந்த இரண்டையும் கேட்ட சங்கம் என் அனுபவத்தில் ஒன்றுதான். சாலிகிராமத்தில் ஒரு பெண்மணி பொருளாளராக இருந்தார். மெக்கானிக் காரின் மேல் நிற்கும்போது மெஷின் ரூமில் யார் நிற்பார்கள் என்றும் கேட்டார். முப்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை வெளியாள் ஒருவர் கேட்டது அன்றுதான்.

சாவி விஷயம் சொல்லாமல் விட முடியாது. முக்கோணச் சாவியை வாட்ச்மேன் அண்ணன் கையில் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். அவசரத்துக்கு வேண்டும் என்கிறீர்கள். அவருக்கு யாராவது ஒரு நாளாவது பயிற்சி கொடுத்தார்களா? இரண்டு மாடிக்கு நடுவே நிற்கும் காரிலிருந்து ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து இறக்கும்போது, காருக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியில் கால் வழுக்கினால் நேரே குழிதான். உள்ளே இருப்பவர் உள்ளேயே இருப்பதுதான் பத்திரம். லிஃப்ட் பெட்டி காற்றுப் புகாத டப்பா அல்ல, மூச்சு முட்டாது. வேர்க்கும், பயமாக இருக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பயம் பாதி குறைந்துவிடும். வாட்ச்மேன் அண்ணனுக்கு அந்த வேலையைக் கொடுங்கள். சாவி பயிற்சி பெற்றவரிடம் இருக்கட்டும்.

இன்னொன்று. சில இடங்களில் வாட்ச்மேனே மெஷின் ரூமுக்குப் போய் பிரேக்கைத் தூக்கிவிட்டுக் காரை இறக்கப் பார்க்கிறார். ஒரே ஆள் இருக்கும் கார் இறங்காது, மேலே ஏறும். எதிர்ப்பக்கம் தொங்கும் கவுன்டர்வெயிட்டின் எடை, காரின் எடையோடு அது ஏற்றும் சுமையில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்தது. ஆள் குறைவாக இருந்தால் கவுன்டர்வெயிட்தான் கனம். இது தெரியாமல் பிரேக்கை விட்டவர் பதறிப்போய் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

மெஷின் ரூமைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் நாலு சுவர், மேலே வெயில். மே மாசத்தில் உள்ளே நின்றால் சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிடும். கன்ட்ரோலரில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் எங்களைவிட மென்மையானது. சூட்டில் முதலில் படுத்துவிடும். ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் வேலை செய்தாலே பாதிக் கோளாறு வராது. ஆனால் அந்த அறையில் உடைந்த கட்டில், பெயின்ட் டப்பா, போன வருஷத்துப் பிள்ளையார் சதுர்த்திக் குடை எல்லாம் இருக்கிறது. கன்ட்ரோலருக்கு முன்னால் நிற்க ஒரு ஆளுக்கு இடம் விடுங்கள். அறையைப் பூட்டி வையுங்கள்.

மழைக்காலத்தைப் பற்றி 2015 டிசம்பருக்குப் பிறகு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே கதைதான். பிட் என்பது கட்டடத்தின் மிகத் தாழ்ந்த இடம், தண்ணீர் முதலில் அங்கேதான் போகும். கன மழை எச்சரிக்கை வந்ததும் லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தி மெயினை அணைத்துவிடுங்கள். இதை நீங்களே செய்யலாம். கார் தண்ணீரில் இறங்காமல் இருந்தால் துடைத்து, காயவைத்து, சுவிட்ச் சிலது மாற்றி ஓட்டிவிடலாம். கார் நனைந்துவிட்டால் செலவு எங்கேயோ போய்விடும். தண்ணீர் வடிந்த அன்றைக்கே ‘ஓட்டிப் பார்க்கலாமே’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஈரப் பிட்டில் இறங்கி நிற்பது நாங்கள்.

சட்டத்தையும் நினைவுபடுத்துகிறேன். தமிழ்நாடு லிஃப்ட் சட்டம் 1997-ல் வந்தது. மும்பையில் 1939-லேயே வந்துவிட்டது. நம் சட்டப்படி மின் ஆய்வுத் துறையின் உரிமம் இல்லாமல் லிஃப்ட் ஓட்டக் கூடாது. உங்கள் லிஃப்டின் உரிமம் எங்கே இருக்கிறது, எந்தத் தேதி வரை இருக்கிறது என்று இன்று மாலை தேடிப் பாருங்கள். பில்டர் காலத்தில் வாங்கியது ஃபைலுக்குள் மஞ்சளாகிக் கிடக்கும் கட்டடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் நண்பர் சொல்கிறார், அங்கே அந்தச் சான்றை லிஃப்டுக்குள்ளேயே எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒட்டியாக வேண்டும், மாசம் ஒரு முறையாவது பராமரித்தாக வேண்டும். நம்மூரிலும் காருக்குள் பல் டாக்டர் விளம்பரம் ஒட்ட இடம் இருக்கிறது.

இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் ஒரு பையன். ஐ.டி.ஐ.யில் லிஃப்ட், எஸ்கலேட்டர் மெக்கானிக் என்றே இப்போது இரண்டு வருஷப் பிரிவு இருக்கிறது. எங்கள் காலத்தில் இல்லை. நாங்கள் எலக்ட்ரீஷியனாகவோ ஃபிட்டராகவோ வந்து, ஒரு பெரியவரின் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்து கற்றுக்கொண்டவர்கள். எனக்குக் கற்றுக் கொடுத்தவர் லிஃப்ட் ஓடும் ஷாஃப்டின் உச்சியிலிருந்து தூக்குக் குண்டு தொங்கவிட்டு, அது ஆடாமல் நிற்கும் வரை பேசவே மாட்டார். கைடு ரெயில் இணைப்பில் விரலை வைத்துத் தடவி, கண்ணுக்குத் தெரியாத மேட்டை அரத்தால் தேய்ப்பார். ‘இந்த இடத்துல கார் குலுங்கிச்சுன்னா உள்ள இருக்கிற பாட்டி நம்மளத் திட்டும்’ என்பார். நல்ல தொழில் இது. கை சுத்தமாக இருந்தால் சோறு போடும், துபாய்க்கும் கூட்டிப்போகும். என் இரண்டு பெண்களையும் இதில்தான் படிக்க வைத்தேன்.

போன மாசம் அந்தப் பிரிவில் படித்த பையன் ஒருவன் என்னிடம் அப்ரென்டிஸாக வந்தான். மூன்றாவது நாள், ஒரு கட்டடத்தில் இரண்டாம் மாடிப் பூட்டு வேலை செய்யவில்லை. சங்கத்துக்காரர் ஒருவர் பின்னாலேயே வந்து, ‘போன தடவை வந்தவரு ரெண்டு நிமிஷத்துல ஓட விட்டாரு’ என்றார். பையன் என்னைப் பார்த்தான். அவன் பாடப்புத்தகத்தில் ஷார்ட் போட்டு விடக் கூடாது என்று படித்திருக்கிறான். தொழிலில் எது நிஜம் என்று அந்த நிமிஷத்தில்தான் கற்றுக்கொள்ளப் போகிறான். மெயினை அணைத்தேன். எல்லா மாடியிலும் அட்டை கட்டினோம். பூட்டு வர மறுநாள் மூன்று மணி ஆனது. அதுவரை குழுவில் எங்களைப் பற்றி என்னென்ன எழுதினார்கள் என்று வாட்ச்மேன் அண்ணன் படித்துக் காட்டினார். பையன் ஒன்றும் பேசவில்லை.

நான் கேட்பது இதுதான். உங்கள் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் எழுதுங்கள்: பாதுகாப்புச் சுற்றில் எதையும் ஷார்ட் போட்டு லிஃப்டை ஓட்டும்படி எங்கள் சங்கத்தில் யாரும் கேட்க மாட்டோம், பூட்டு, பிரேக், கயிறு சம்பந்தப்பட்ட கொட்டேஷனைக் கூட்டத்துக்காகக் காத்திருக்காமல் செயலாளரே ஒப்புக்கொள்ளலாம். அதை ஒரு தாளில் அடித்து மெஷின் ரூம் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். படி ஏற முடியாத பெரியவர்கள் யார் யார் என்ற பட்டியலும் கூடவே இருக்கட்டும். லிஃப்ட் நிற்கும் நாளில் அவர்களுக்கு நாற்காலியோடு தூக்கிவிட நாலு பேர் வேண்டும் என்றால், என்னையும் பையனையும் அதில் இரண்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாளை ஒட்டிய கட்டடங்கள் வாட்ச்மேன் மூலம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பையனை அங்கேதான் முதலில் தனியாகக் கதவு திறக்க விடப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் லிஃப்ட் மெக்கானிக்,
சென்னை.